நீலகேதுவுக்குப் போடாத கோடி

24.11.2023 — ரூ. 14,350
07.12.2023 — ரூ. 640
09.12.2023 — ரூ. 22,800
17.06.2024 — ரூ. 5,000 (வரவு)
19.07.2024 — ரூ. 1,500 (வரவு, இரவு ஒன்றுக்கு)
28.09.2024 — ரூ. 0
07.10.2024 — ரூ. 4,500 (வரவு, பாக்கி தீர்ந்தது)
12.12.2024 — ரூ. 3,175

முதல் தொகை பாடைக்கும் வண்டிக்கும் ஆனது. மூன்றாவது பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அறுநூற்று நாற்பது ரூபாய் ஒரு நூல் புடவையின் விலை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. பட்டு நெய்கிற ஊரில் வாங்கிய சாதாரணப் புடவை அது. கடைக்காரர் அதை மடித்துத் தாளில் சுற்றிக் கொடுத்தபோது யாருக்கு என்று கேட்டார். “வீட்டுக்காரிக்கு” என்றார் பூவராகவன். “பிரிச்சுப் பாத்து வாங்கிக்கச் சொல்லுங்க, அப்புறம் மாத்த வராதீங்க” என்றார் கடைக்காரர்.

ஐயம்பேட்டை பூவராகவன் பிறந்தது 1963இல். தாயும் தகப்பனும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். அவர் செங்கல் சூளையில் மண் குழைத்தார், அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்ட பிறகு காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழித்தார். ஆனால் முசரவாக்கத்திலிருந்து தென்னேரி வரை அவரை டோக்கன்காரர் என்று யாரும் சொன்னதில்லை. ‘ராஜா’ என்றுதான் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் அவர் நிழல் மேலே படாமல் ஒதுங்கிப் போவார்கள். பெரியவர்கள் ஒதுங்க மாட்டார்கள். என்றைக்காவது ஒருநாள் தங்கள் வீட்டுக்கும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் இருந்த கூத்து ஜமாவுக்கு ஒரே ஒரு நாடகத்தால்தான் பேர். ‘நீலகேது மோட்சம்’. யார் கட்டியது என்று சொல்ல ஆளில்லாத பழைய நாடகம். நீலகேது ராஜன் போரில் காயம் படுகிறான். தெரிந்தால் சேனை ஓடிவிடும் என்று மூன்று நாள் காயத்தைக் கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். போரும் தோற்கிறது, உயிரும் போகிறது. நாட்டார் எல்லாரும் ஓடிப்போன பிறகு ராணி அவனைத் தரையில் கிடத்தி அழுகிறாள். அழுகையின் முடிவில் சபையைப் பார்த்துக் கேட்கிறாள்: “நாடிழந்த ராஜனுக்குக் கோடி போட ஒரு வீடு இல்லையா?”

அந்தக் கேள்விக்குப் பதில் நாடகத்துக்குள்ளே கிடையாது. சாவு நடந்த வீட்டார் பதினாறாம் நாள் இரவு இந்த நாடகத்தை வைப்பார்கள். ராணி கேட்டதும் அந்த வீட்டில் கொள்ளி வைத்தவர் எழுந்து வந்து, கோடித் துணியை ராஜன் மேல் போர்த்துவார். ஆண் செத்திருந்தால் வேட்டி, பெண் செத்திருந்தால் புடவை. ராஜனுக்குப் போட்டது தங்கள் வீட்டு ஆளுக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. போட்டு முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அவர்கள் போகும்வரை மத்தளம் நிற்கக் கூடாது. ராஜன் கண்ணைத் திறக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் போனவர் வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்.

ராஜனாகப் படுப்பதற்கும் ஒரு சட்டம் உண்டு. தாய் தகப்பன் உயிரோடு இருப்பவன் கோடிக்குக் கீழே படுக்கக் கூடாது. படுக்கப் போகிறவன் மத்தளத்தைத் தொட்டு, தாய் பெயரையும் தகப்பன் பெயரையும் அவர்கள் போன நாளையும் சொல்ல வேண்டும். மத்தளக்காரர் கேட்டுக்கொண்டு தலையசைப்பார். பூவராகவன் 1992இல் தாயைப் பறிகொடுத்தார். தகப்பன் அதற்கு முன்பே போய்விட்டார். அந்த வருஷமே முதல் தடவை படுத்தார்.

சம்பூர்ணம் அவர் மனைவி. பக்கத்துத் தறிக்கார வீடுகளுக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் பூவராகவன் நாடகம் முடிந்து வந்தால், வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். “செத்துட்டு வந்தியா?” என்பாள். “செத்துட்டு வந்தேன்” என்பார். “காபி குடி.” இது முப்பது வருஷப் பேச்சு.

ஒருநாள் தார் சுற்றிக்கொண்டே கேட்டாள். “ஊரு பொணத்துக்கெல்லாம் நீ படுக்கிற. நான் போனா யாருய்யா படுப்பாங்க?”

“நீ இன்னாத்துக்குப் போற?”

“சொல்லேன். நீயே படுத்துக்கினு நீயே கோடி போட்டுக்குவியா?”

அவர் சிரித்துவிட்டு, யாரையாவது படுக்க வைத்து உனக்குக் கோடி போடாமல் விடமாட்டேன் என்றார். சொன்னதோடு அதை மறந்தும்விட்டார்.

நுரையீரலில் நீர் கோத்துச் சம்பூர்ணம் போனபோது மகன் இல்லாததால் பூவராகவனே கொள்ளி வைத்தார். ஒரே மகள் நதியா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தாள். பதினாறாம் நாளுக்கு ராஜனாகப் படுக்க ஆள் தேடினார். செய்யாறு பக்கத்து ஜமாவின் ராஜா பக்கவாதம் வந்து நிஜமாகவே படுத்திருந்தார். சொந்த ஜமாவில் மத்தளக்காரர் தணிகாசலத்துக்கு நாடகம் முழுக்க மனப்பாடம், ஆனால் அவர் தாய் ஜெயம்மாள் எண்பத்து நாலு வயதில் திடமாக இருந்தாள்.

“அவசரம்னா சொல்லு பூவராகா, நான் கிளம்பிடறேன்” என்றாள் கிழவி.

“நீ எங்க போவ. இன்னும் நாலு பேரைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவ” என்றார் தணிகாசலம்.

அன்று நாடகம் இல்லை. சாப்பாடு மட்டும் நடந்தது. புடவை தாள் சுற்றியபடியே தகரப் பெட்டிக்குள் போனது. தலைத் திவசத்துக்குள் போட்டால் செல்லும் என்று தணிகாசலம் சொன்னார். ஒரு வருஷம் தாண்டினால் போனவருக்குத் துணி எட்டாது. அந்த வருஷத்தில் பூவராகவன் வேறு ஐந்து வீடுகளுக்குப் படுத்தார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருடைய கோடி மேலே விழும்போது பெட்டிக்குள் இருக்கும் அரக்குப் புடவை நினைவுக்கு வந்தது.

17.06.2024 அன்று சென்னையிலிருந்து கடிதமும் முன்பணமும் வந்தன. அனுப்பியவள் அஃப்ஷீன். காஞ்சிபுரத்தில் கூத்துக்காரர்களுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்து கொடுத்த ஷபியுல்லாவின் மகள். சிறுமியாக இருந்தபோது அப்பாவின் கடையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தவள், இப்போது சென்னையில் பேர் வாங்கிய நாடக இயக்குநர். ‘நீலகேது மோட்ச’த்தைப் பெரிய மேடையில், சினிமா நட்சத்திரங்களை வைத்துப் போடப் போவதாகவும், பழைய பாட்டுகளுக்கு மாமாவும் தணிகாசலமும் வந்து உதவ வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரியில், காஞ்சிபுரத்திலும் ஒரு காட்சி உண்டு என்றிருந்தது.

பூவராகவன் அந்தக் கடைசி வரிக்காகத்தான் போனார். வேறொருவன் ராஜனாகப் படுப்பான். தான் சபையில் உட்கார்ந்திருக்கலாம்.

ஒத்திகைக்குப் போன முதல் நாளே கேட்டார். “ஹீரோவுக்குத் தாய் தகப்பன் இருக்காங்களாம்மா?”

“அப்பா இல்ல மாமா. அம்மா இருக்காங்க. ஏன்?”

ராஜனாக நடித்தவர் ஆதிரன். தீபாவளிக்குப் படம் வெளியாக இருந்த நாயகர். கோடி விஷயம் அவருடைய அம்மா காதுக்கு எட்டியதும் அந்த அம்மாளே காரில் வந்து இறங்கிவிட்டாள். என் பிள்ளை சிம்மாசனத்தில் சாகட்டும், தரையில் படுக்க மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆதிரன் பூவராகவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மாதிரியான மனிதர்தான்.

“அண்ணே, எனக்குப் பயம் இல்ல. ஆனா நான் படுத்த போட்டோ ஒண்ணு வெளிய போச்சுன்னா, தீபாவளிப் படத்துக்குக் காசு போட்டவங்க எல்லாம் எங்க வீட்டு வாசல்ல வந்து படுத்துடுவாங்க.”

அதனால் ஓர் ஏற்பாடு. ஆதிரன் சிம்மாசனத்தில் தலை சாய்ப்பார். விளக்கு அணையும். மறுபடி விளக்கு வரும்போது தரையில் கிடப்பது பூவராகவன். முகம் பாதி கிரீடத்துக்குள்ளும் பாதி மாலைக்குள்ளும் மறைந்திருக்கும். ராணியாக நடித்த நடிகை பதினோரு நிமிஷம் அழுவாள். தணிகாசலம் மத்தளம் வாசிப்பார். சபைக்கு விஷயம் தெரியாது.

பூவராகவன் ஒரு நிபந்தனை சொன்னார். “சென்னையில நான் படுக்கறேன். காஞ்சிபுரத்துல மட்டும் வேற ஆளு படுக்கணும். நான் அன்னைக்கு முன்னாடி உக்காந்து என் வீட்டுக்காரிக்குக் கோடி போடணும்.”

அஃப்ஷீன் கொஞ்சம் யோசித்தாள். “வசந்த் இருக்கான் மாமா. சேனாதிபதி வேஷம். அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, சித்தி வளர்த்த பையன். ஒருநாள் அந்த வேஷத்துக்கு வேற ஆள் போட்டுட்டு அவனைப் படுக்க வைக்கிறேன். சத்தியமா.”

19.07.2024 அன்று சென்னையில் முதல் காட்சி. அதற்கு அடுத்த நாளிலிருந்து பெரிய சண்டை ஒன்று தொடங்கியது. அதன் நடுவில் இருந்தவர் பூவராகவன் என்பது சண்டை போட்ட இருதரப்புக்கும் தெரியாது.

விமர்சகர்கள் முதல் இரண்டு மணி நேரத்தைத் தூக்கிப் போட்டு மிதித்தார்கள். நட்சத்திர ஊர்வலம், சினிமா செட்டை மேடைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள், ராஜன் வசனம் பேசுவது பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் கடைசிப் பதினோரு நிமிஷத்தைப் பற்றி எழுதும்போது எல்லாரும் பேனாவைத் தாழ்த்தினார்கள். ‘இத்தனை படங்களில் அசைந்து அசைந்து செய்ய முடியாததை ஆதிரன் அசையாமல் செய்திருக்கிறார்’ என்றது ஒரு நாளிதழ். ‘ஓர் உடல் மூச்சை அடக்கி ஒரு தேசத்தின் தோல்வியைச் சுமக்கிறது’ என்றார் இன்னொருவர்.

பார்வையாளர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். முதல் இரண்டு மணி நேரம் விசில் பறந்தது. கடைசியில் எல்லாரும் வண்டி எடுக்க எழுந்தார்கள். மேக்கப் அறையில் வசந்த் கைபேசியைப் பார்த்துப் பார்த்து அதையெல்லாம் படித்துக் காட்டுவான்.

“கேளுங்க ராஜா. ‘தலைவர் என்ட்ரி வேற லெவல். லாஸ்ட்ல படுக்க வெச்சு கொட்டாவி விட வெச்சுட்டாங்க.’ இன்னொருத்தன், ‘ரெண்டாயிரத்தி ஐந்நூறு ரூபா குடுத்து பொணத்தைப் பாக்கவா வந்தோம், அதுக்கு எங்க தெருவுலயே ஓசியில பாக்கலாம்.’”

“அவன் சொல்றது சரிதான்பா” என்றார் பூவராகவன், முகத்து அரிதாரத்தைத் துடைத்தபடி.

“பேப்பர்ல உங்களைத் தலையில வெச்சு ஆடறாங்க. மூச்சை அடக்கி நடிச்சீங்களாமே?”

“பதினோரு நிமிஷம் மூச்சை அடக்கினா நிஜமாவே போயிடுவேன். நெஞ்சுல விடாம விலாப்பக்கம் விடணும், அவ்ளோதான்.”

தணிகாசலம் மத்தளத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார்: “முப்பது வருஷமாச் சாவுற. இப்பத்தான் நல்லாச் செத்தியா இல்லியான்னு பேப்பர்ல மார்க் போடறான்.”

பூவராகவன் சிரிக்கவில்லை. ஊரில் யாரும் அவருக்கு மார்க் போட்டதில்லை. கோடி போட்ட வீட்டுப் பெண்பிள்ளை அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டால் அன்று நாடகம் நன்றாக நடந்தது. இங்கே ராணி ஒவ்வோர் இரவும் கோடி போட ஒரு வீடு இல்லையா என்று கேட்டாள். யாரும் எழுந்து வரவில்லை. எழுந்தவர்கள் கதவுப் பக்கம் போனார்கள். வெறும் உடம்போடு கிடந்துவிட்டு எழுந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. இரவு பஸ்ஸில் திரும்பும்போது குளிர்கிறது என்று சொல்லித் தணிகாசலத்தின் துண்டை வாங்கிப் போர்த்திக்கொள்வார்.

காஞ்சிபுரம் காட்சி 28.09.2024, சனிக்கிழமை. மகாளயப் பட்சம், செத்தவர்களுக்கென்று வைத்த பதினைந்து நாளில் ஒருநாள். நாடகத்துக்குப் பணம் போட்ட சென்னைக் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்கவில்லை. மைதானம் கிடைத்த தேதியைப் பிடித்தார்கள். ஊர் பார்த்தது. ‘நீலகேது மோட்சம்’ வருகிறது, அதுவும் மகாளயத்தில் வருகிறது என்ற சேதி ஷேர் ஆட்டோக்களில் ஏறிப் போயிருந்தது. சொந்தமாக இரவு முழுக்க நாடகம் வைக்க வசதியில்லாத வீடுகள் எல்லா ஊரிலும் இருந்தன. அவர்கள் பின்வரிசை நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கினார்கள். மடியில் ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்பக்கம் முழுக்க ஆதிரனின் ரசிகர்கள்.

முன்வரிசையில் இரண்டு இடம் பூவராகவனுக்காக ஓசியில் ஒதுக்கப்பட்டிருந்தது. நதியா தகரப் பெட்டியிலிருந்து புடவையை எடுத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பூவராகவன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். முகத்தில் அரிதாரம் இல்லை.

மேடைக்குப் பின்னால் வசந்த் ராஜன் வேஷத்தில் தயாராக இருந்தான். தணிகாசலம் மத்தளத்தை அவன் முன்னால் வைத்தார்.

“தொட்டுச் சொல்லுபா. தாயார் பேரு?”

“துளசி.”

“போன நாளு?”

“ரெண்டாயிரத்து ஒன்பது, மாசி மாசம். சிவராத்திரிக்கு மறுநாள்.”

“தகப்பனார்?”

“மாணிக்கம்.”

“போன நாளு?”

வசந்த் பூவராகவனைப் பார்த்தான். “தெரியாதுண்ணே. எனக்கு ஆறு வயசுல வீட்டை விட்டு ஓடிட்டாரு. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. எனக்கு அவர் செத்த மாதிரிதான்.”

தணிகாசலம் மத்தளத்தின் மேலிருந்த கையை எடுத்துவிட்டார். வெளியே ரசிகர்கள் ஆதிரன் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

“உனக்குச் செத்த மாதிரி. சரிப்பா” என்றார் பூவராகவன். “அந்தாளு உசிரோட இருந்தா?”

அஃப்ஷீன் ஓடி வந்தாள். “ராஜா மாமா, இது போய் ஒரு விஷயமா? அவனே ஒத்துக்கிறான். உங்களுக்கு இதை விட்டா நாள் இல்ல. யாரு வந்து கேக்கப் போறாங்க?”

“கேக்க மாட்டாங்கம்மா. எங்கயோ ஒரு பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருக்கிற மனுசன். அவன் புள்ள மேல நான் என் பொண்டாட்டி துணியப் போட்டு, அந்தாளுக்கு ஒண்ணு ஆச்சின்னா? நல்லாவா இருக்கும்?”

“அப்போ யாரு படுக்கறது?”

பூவராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிதாரப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். வசந்த் கிரீடத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தான். அழுதுவிடுவான் போலிருந்தான்.

நதியா பையோடு உள்ளே வந்தாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டாள்.

“அப்பா, நான் போடறேனே. அம்மாவுக்கு நானும் புள்ளதானே?”

“கொள்ளி வெச்ச கைதாம்மா போடணும்.”

“யாரு எழுதி வெச்சது?”

“எழுதி வெக்கலதான்.” கண்ணாடியில் பாதி வெள்ளை பூசிய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கொஞ்சம் இரு. யோசிச்சுச் சொல்றேன். நடுவுல வந்து சொல்றேன்.”

ஆனால் அன்று எல்லாம் தாமதமாக ஓடியது. ரசிகர்கள் ஆதிரனை மேடையில் மூன்று தடவை திரும்ப வரச் சொன்னார்கள். இடைவேளையை விட்டுவிட்டு நாடகத்தைத் தொடர்ந்தார்கள். பூவராகவனுக்கு மேடைப் பக்கத்து இருட்டை விட்டு வெளியே வர வழியில்லை. நதியா முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆதிரன் சிம்மாசனத்தில் தலை சாய்த்தார். விளக்கு அணைந்தது. பூவராகவன் போய்ப் படுத்தார். மத்தளம் தொடங்கியது. கண்ணை மூடிக் கிடந்தபோதுதான் அவருக்குத் தெளிந்தது: நதியா போடட்டும். கை எதுவானால் என்ன, புடவை அவளுக்குப் போய்ச் சேரட்டும். விளக்கு வந்த பிறகுதான் அந்தத் தெளிவு வந்தது. இனி எப்படிச் சொல்வது?

ராணி அழுதாள். அழுது முடித்துச் சபையைப் பார்த்துக் கேட்டாள். “நாடிழந்த ராஜனுக்குக் கோடி போட ஒரு வீடு இல்லையா?”

பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. “இருக்குதும்மா.”

தென்னேரி மரியம்மாள். மகனை லாரியில் பறிகொடுத்தவள். கழுத்தில் சிலுவையும் கையில் வேட்டியுமாக நடுவழியில் நடந்து வந்து மேடையேறி, ராஜன் மேல் போர்த்தினாள். “போய்ச் சேருடா கண்ணு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். நடிகை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அதற்குள் அடுத்தவர் ஏறினார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. வேட்டி, புடவை, ஒரு காக்கிச் சட்டை, அரை கஜம்கூட இல்லாத ஒரு குழந்தைத் துணி. ஒவ்வொன்றும் விழுந்தபோது பூவராகவன் எடையை வைத்தே அதைத் தெரிந்துகொண்டார். குழந்தைத் துணி விழுந்தது தெரியவே இல்லை. அழுகைச் சத்தத்தால்தான் தெரிந்தது.

முன்பக்கம் கூச்சல் கிளம்பியது. “டேய், தலைவர் மேல பொணத்துத் துணி போடறாங்கடா!” பையன்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். சிலர் மேடைக்குத் தாவினார்கள். கம்பெனி ஆட்கள் வரிசையைத் தள்ளினார்கள், வரிசை நகரவில்லை. மைக் அணைந்தது. தணிகாசலம் மைக் இல்லாமல் மத்தளத்தை வாசித்துக்கொண்டே இருந்தார், துணி இன்னும் வந்துகொண்டிருந்ததால்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. நதியா மேடை விளிம்பில் ஏறி மண்டியிட்டிருந்தாள்.

“அப்பா. போடட்டுமா? சொல்லுப்பா. போடட்டுமா, வேணாமா?”

ஒரு சொல் போதும். தலையை ஒரு விரற்கடை அசைத்தாலும் போதும். ஆனால் அவர் மேல் இருபது வீட்டுத் துணி கிடந்தது. போட்டவர்கள் இன்னும் மைதானத்தைத் தாண்டவில்லை. மரியம்மாளின் மகனும் அந்தக் குழந்தையும் வழியில் நடந்துகொண்டிருந்தார்கள். பூவராகவன் விலாப்பக்கம் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார்.

“அப்பா…”

பிறகு அந்தக் குரல் இல்லை. யாரோ அவளைக் கீழே இறக்கிவிட்டிருக்க வேண்டும், அல்லது அவளே இறங்கிவிட்டாள்.

ஒரு பையன் தலைவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் துணிகளை வாரி எறிந்து கிரீடத்தைப் பிடுங்கினான். நரைத்த தலையும் வெள்ளை பூசிய கிழட்டு முகமும் விளக்கில் தெரிந்தன. அந்தப் பையன் திரும்பிக் கத்தினான். “டேய், இது தலைவர் இல்லடா! எவனோ கெழவன்டா!” அப்போதும் பூவராகவன் கண்ணைத் திறக்கவில்லை. ஆதிரனின் கார் அந்நேரம் புறவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

தணிகாசலம் மத்தளத்தை நிறுத்தி, “எழுந்திரு பூவராகா, எல்லாரும் போயிட்டாங்க” என்று சொன்னபோது மேடையில் நாற்காலிகள் உடைந்து கிடந்தன. நதியா படியில் உட்கார்ந்திருந்தாள். தாள் சுற்றிய புடவை மடியிலேயே இருந்தது.

“சரின்னு சொல்றதா இருந்தியா, வேணாம்னு சொல்றதா இருந்தியா?” என்றாள்.

“எந்திரிச்சி சொல்ல முடியாதும்மா.”

“இப்ப சொல்லு.”

அவர் சொல்லவில்லை. அதைத் தணிகாசலத்திடம் மட்டும் பிறகொருநாள் சொன்னார். ‘போடுன்னுதான் சொல்லியிருப்பேன்.’ தணிகாசலம் அதை நதியாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மறுவாரம் சண்டை இரண்டு மடங்கானது. சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு விமர்சகர்கள், தமிழ் மேடையில் இப்படியொரு இரவைப் பார்த்ததில்லை என்றும், சபையே நாடகமாக மாறியது என்றும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ரசிகர்கள் மோசடி என்றார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஆதிரனுக்கு அவர் அம்மா மூன்று கோயிலில் பரிகாரம் செய்தாள். கம்பெனி இரண்டு தரப்பையும் கேட்டுப் பார்த்துவிட்டு, சீட்டு வாங்குகிற தரப்பின் பேச்சைக் கேட்டது. 07.10.2024 அன்று வந்த கடிதத்தில் மீதிச் சம்பளமும், கடைசிக் காட்சி நீக்கப்பட்டுவிட்டது என்ற தகவலும் இருந்தன. இனி நீலகேது சிம்மாசனத்தில் தலை சாய்ப்பான், பொன் வெளிச்சம் விழும், எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவான். விமர்சகர்கள் கொலை என்று எழுதினார்கள். அரங்கு தினமும் நிறைந்தது.

அஃப்ஷீன் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு தடவை ஐயம்பேட்டைக்கு வந்தாள். படுக்க ஆள் தேடுகிறேன் மாமா என்றாள். தேடவும் செய்தாள். கிடைத்தவர்கள் எல்லாரும் கோடி என்றதும் பின்வாங்கினார்கள். கடைசியில் ஒருவர் வருகிறேன் என்றார், அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. மழை வந்து சாலை முழுகியதில் அவராலும் வர முடியவில்லை.

12.12.2024 கார்த்திகை துவாதசி, தலைத் திவசம். விடாத மழை. மூன்று பேர் சாப்பிட்டார்கள். படத்துக்கு முன்னால் புடவையை வைக்கலாம் என்றாள் நதியா. பூவராகவன் வேண்டாம் என்றார். படத்துக்கு முன்னால் வைத்தால் அது வெறும் புடவை. சாயங்காலம் அதைத் தாளோடு அவளிடமே கொடுத்து, கட்டிக்கோ என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். கட்டவில்லை.

மழையால் இரண்டு நாள் தேங்கிக் கிடந்த தபால் அடுத்த நாள் வந்தது. சென்னை நாடக விமர்சகர்கள் கூடி நடத்தும் ஒரு வட்டத்தின் கடிதம். ஆண்டின் சிறந்த நடிப்பாகக் கடைசிப் பதினோரு நிமிஷத்தை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்ததாகவும், அதைச் செய்தவர் யார் என்பது காஞ்சிபுரத்துக்குப் பிறகே தெரியவந்ததாகவும், வருகிற ஜனவரியில் மேடைக்கு அழைத்துப் பட்டுப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். வாசலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த நதியா நிறுத்திவிட்டுப் படித்துக் காட்டினாள்.

“துணிய அவங்களே போடுவாங்களாமா?” என்றார் பூவராகவன்.

“ஆமாப்பா.”

“நான் நின்னுக்கினு இருக்கணுமா, படுத்துக்கினு இருக்கணுமா?”

நதியா கடிதத்தை மடித்தாள். அது வந்து சேர்ந்த தேதி 13.12.2024.